மார்க்கை விட…

அத்தியாயம் பதினான்கு

சென்ற வாரம் பிரடெரிக்கின் பட்டறையில், பாதி இழைத்த சிலுவைக்கு முன்னால், புருசனும் பெண்சாதியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றதோடு விட்டோம். மகன் வெய்னைக் கூப்பிடு என்றார் அவர். கூப்பிடமாட்டேன் என்றாள் அவள். "அந்த மனுசி ஒரு எட்டுப் போய்வந்தால் என்ன குறைந்துவிடும்?" என்று சிலர் எனக்கு எழுதியிருந்தீர்கள். எனக்கும் அதே எரிச்சல்தான். ஆனால் டல்சி டீச்சரை எழுதுவது மட்டும்தான் என் வேலை. அவளை அசைப்பது என் கையில் இல்லை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. மட்டக்களப்பு நகரத்தில், வாவிக்கரையை ஒட்டிய ஒழுங்கையில் இருக்கிறது, போர்த்துக்கேய வழிவந்த இந்தப் பறங்கியர் வீடு. பிரடெரிக் தச்சு வேலைக்காரர். டல்சி முப்பத்தைந்து வருசம் இங்கிலிஷ் படிப்பித்தவள். இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவன் மார்க், வங்கியில் உத்தியோகம், கல்யாணம் கட்டாமல் தாய் தகப்பனோடு இருந்தவன். நாற்பத்தாறு வயதில், ஒரு வியாழக்கிழமை மத்தியானம், கதிரையில் இருந்தபடியே மாரடைப்பில் போய்விட்டான்.

இளையவன் வெய்ன் கல்குடாவில் படகு எஞ்சின் திருத்துகிறான். எட்டு வருசமாக வீட்டுப் படி மிதிக்கவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது. அண்ணனை அடக்கம் செய்த அன்றைக்கும் சேமக்காலை என்கிற கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றுவிட்டு அப்படியே போய்விட்டான்.

வருகிற சனிக்கிழமை முப்பத்தோராம் நாள். பூசை முடிந்ததும், பிரடெரிக் முதிரை மரத்தில் செய்யும் சிலுவையை மார்க்கின் தலைமாட்டில் நட வேண்டும். கல்லறைச் சிலுவையை வீட்டு ஆண்கள்தான் செய்வார்கள், வீட்டு ஆண்கள்தான் கோயிலில் இருந்து தோளில் சுமந்துபோவார்கள். அது அந்தக் குடும்பத்து வழக்கம். கூலிக்கு ஆள் பிடிப்பதில்லை. முன்னுக்கு ஒருவர், பின்னுக்கு ஒருவர். பக்கவாதம் வந்து ஒரு கை தளர்ந்த பிரடெரிக்கை ஒருவர் என்று வைத்துக்கொண்டாலும், மற்றவருக்கு எங்கே போவது?

இனி இந்தச் செவ்வாய்க்கிழமை.

*

காலை எட்டு மணிக்கே பிரஷாந்தி வந்துவிட்டாள். டல்சியிடம் படித்தவள், இப்போது நகரத்தில் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிறாள். கையில், பிழை திருத்தக் கொண்டுவந்த ஒரு கடதாசிக் கட்டு.

"டீச்சர், புறூப் கொண்டு வந்திரிக்கன். நீங்க ஒருக்காப் பாத்துத் தந்தா வியாழக்கிழமை அடிச்சிருவன்."

அவளுடைய யோசனைதான் அது. மார்க்கின் நினைவாக முப்பத்தோராம் நாளில் பிள்ளைகளுக்கு இலவசமாக ஒரு சின்னப் பயிற்சிக் கொப்பி. டல்சி டீச்சர் என்றால் ஊருக்கு நினைவு வருவது ஒன்றுதான்: இரண்டு பேரை, இரண்டு பொருளை, ஒன்றோடு ஒன்று வைத்து இங்கிலிஷில் பிழையில்லாமல் எழுதுவது எப்படி என்று அவள் கரும்பலகையில் காட்டிய பாடம். 'இதை விட அது', 'அதைப் போல் இது', 'எல்லாவற்றிலும் இதுவே'. அந்தப் பாடத்தில் அவளிடம் படித்தவர்கள் யாரும் பரீட்சையில் சறுக்கியதில்லை. பிரஷாந்தி பழைய மாணவர்களிடம் கொப்பிகளைத் தேடி வாங்கி, டீச்சர் போட்ட உதாரண வாக்கியங்களை எல்லாம் பொறுக்கி ஒன்றாகத் தட்டச்சு செய்திருந்தாள்.

டல்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிவப்புப் பேனையை எடுத்தாள். பேனை கைக்கு வந்தால் அவளுக்குத் துக்கம்கூட ஒரு ஓரமாக நிற்கும்.

முதல் பக்கத்திலேயே ஒன்று பிடிபட்டது. 'மார்க்கின் கையெழுத்து வெய்னை விட அழகானது' என்று இங்கிலிஷில் அடித்திருந்தது.

"என்ன புள்ள இது? கையெழுத்தக் கொண்டுபோய் ஆளோட ஒப்பிட்டிரிக்காய்? கையெழுத்தக் கையெழுத்தோடதான் வைச்சுப் பாக்கோணும். எத்தின தரம் சொல்லித் தந்த நான்!"

பிரஷாந்தி பத்து வயதுப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். டல்சி திருத்தினாள். 'மார்க்கின் கையெழுத்து வெய்னின் கையெழுத்தை விட அழகானது.' ஒரு சரி போட்டாள்.

அடுத்தது. மார்க் வெய்னை விட உயரமானவன். சரி.

வெய்ன் மார்க்கைப் போல் கவனமானவன் அல்ல. சரி.

வெய்ன் மார்க்கை விடச் சோம்பேறி. சரி.

இருவரில் மார்க்கே பலசாலி. சரி.

இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம். பேனை போய்க்கொண்டே இருந்தது. மூன்றாம் பக்கத்து நடுவில் நின்றது.

வீட்டில் இரண்டு பெடியன்கள் ஓடித் திரிந்த காலத்தில் வாய்க்கு வந்த பெயர்கள் அவை. இன்றைக்கு ஒன்று, அடுத்த கிழமை ஒன்று என்று எழுதி, மணி அடித்ததும் அழித்துவிட்டுப் போனவள் அவள். ஒரு வாக்கியம் அவளுக்கு ஒரு வாக்கியம்தான். பன்னிரண்டு பக்கத்துக்கு ஒன்றாக அடுக்கி அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

"டீச்சர்," பிரஷாந்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஒண்டு கேக்கோணும். மார்க் அண்ணன்ட வசனங்கள எல்லாம் இறந்தகாலத்துக்கு மாத்தவா? 'உயரமா இருந்தார்' எண்டு? இல்லாட்டி இப்படியே விடவா?"

பாவம், அவள் கேட்டதில் பிழையில்லை. இலக்கணப்படி கேட்க வேண்டியதுதான். டல்சியின் கைப் பேனை மேசையில் உருண்டு கீழே விழுந்தது. அடக்கம் செய்த அன்றைக்குக்கூட ஊரார் முன்னால் அழாதவள், பிரஷாந்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

அழுது முடித்து முகத்தைக் கழுவினாள். கடதாசிக் கட்டைக் கைப்பைக்குள் வைத்தாள்.

"மாத்தாத. ஒண்டும் அடிக்காத. நான் ஒரு இடத்துக்குப் போயிட்டு வந்து சொல்றன்."

பட்டறை வாசலால் போகும்போது பிரடெரிக் நிமிர்ந்து பார்த்தார். எங்கே என்று கேட்கவில்லை. வேலைக்குக் குனிந்துகொண்டார்.

*

வாழைச்சேனை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஏறாவூர் தாண்டும்வரைக்கும் டல்சி மகனிடம் சொல்லப்போவதை மனதுக்குள் எழுதி எழுதித் திருத்திக்கொண்டு வந்தாள். 'உன் அண்ணனுக்காக வா' என்று ஒன்று. அழித்தாள். 'மார்க் இருந்திருந்தால் வந்திருப்பான்' என்று ஒன்று. சீச்சீ, அதிலும் ஒப்பிடல்தானே! அதையும் அழித்தாள்.

மகனைப் பற்றி மார்க் இல்லாமல் ஒரு வசனம் சொல்லிப் பார்க்கலாம் என்று முயன்றாள். கும்புறுமூலைச் சந்தி வந்தது, வாழைச்சேனையும் வந்தது. ஒன்றும் வரவில்லை.

வாழைச்சேனையில் இறங்கி ஓட்டோ பிடித்துக் கல்குடாவுக்குப் போனபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. தகரக் கொட்டிலுக்குள் வெய்ன் ஒரு எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தான். நாற்பத்து மூன்று வயது. காதோரம் நரைத்திருந்தது. தாயைக் கண்டதும் கையில் இருந்த திருகுசாவியைக் கீழே வைத்துவிட்டு எழும்பினான்.

"பப்பாக்கு ஏதும்…?"

"பப்பா சுகமா இரிக்கார்."

"மறுகா வேற என்ன?"

அவனுடைய மகள் றொஷெல் ஓடிவந்து ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டாள். பதினாறு வயது. இந்த எட்டு வருசத்தில் அப்பம்மாவைச் சேமக்காலை வாசலில் தூரத்தில் கண்டதுதான். கட்டிப்பிடிக்கலாமா என்று தகப்பனின் முகத்தைப் பார்த்தாள்.

டல்சி கதிரையில் இருக்கவில்லை. "சனிக்கிழமை முப்பத்தொண்டு" என்றாள்.

"தெரியும்."

"பப்பா சிலுவை செய்யிறார். ஒரு பக்கம் நீ தூக்கோணும் மனே."

வெய்ன் பழந்துணியில் கையைத் துடைத்தான். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"எட்டு வருசம் வராத நீங்க இண்டைக்கு வந்திரிக்கீங்க. இப்ப வைச்சு ஒப்பிட்டுப் பாக்க ஆள் இல்ல. அதுக்குத்தானே மம்மா?"

 டல்சி கைப்பையைத் திறந்து புறூப்பை நீட்டினாள். அவன் இரண்டு பக்கம் புரட்டினான். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பைத் தாயால் பார்க்க முடியவில்லை.

"இதுக்காகவா நீ போன நீ?" என்று கேட்டாள். "நான் போர்ட்ல எழுதினதுக்காகவா?"

"இது எனக்குப் பழகிட்டு மம்மா. ஸ்கூல்ல பெடியன்மார் இத வைச்சே எனக்குப் பட்டப்பேர் தெளிச்சவங்க. கல்யாண வீட்டில முன்பின் தெரியாத ஆள் வந்து, 'நீங்கதானே அந்தச் சோம்பேறி வெய்ன்' எண்டு கேட்டுக் கைகுலுக்கினான். அதுக்கும் நான் போகல்ல."

சொல்லிவிட்டு உள்ளே போனான். எஞ்சின் திருத்தும் ஆயுதப் பெட்டியின் அடியில் இருந்து ஒரு கொப்பியைக் கொண்டுவந்தான். எண்ணெய்க் கறை பிடித்த மட்டையில் 'றொஷெல், மூன்றாம் வகுப்பு' என்று குழந்தை எழுத்தில் இருந்தது. றொஷெல் எட்டு வயதில் டல்சியின் ரியூசனுக்கு வந்துபோன காலத்துக் கொப்பி.

"டடி, அத எடுக்காதீங்க" என்றாள் றொஷெல். அவள் முகம் செத்துப்போயிற்று.

அவன் ஒரு பக்கத்தைத் திறந்து தாயின் கையில் வைத்தான்.

'இரண்டு பேரை ஒப்பிட்டு நீங்களாகவே ஒரு வாக்கியம் எழுதுக.' அதன் கீழ், பென்சிலில், கோணல்மாணலாக, இங்கிலிஷில்: 'மார்க் அங்கிள் என் டடியை விட நல்லவர்.'

அந்தப் பிள்ளை இங்கிலிஷில் 'நல்லவர்' என்பதற்கு முன்னால் 'மோர்' என்று தேவையில்லாத ஒரு சொல்லைக் கூடப் போட்டிருந்தது. பிள்ளைகள் எல்லாரும் விடுகிற பிழை. அந்தச் சொல்லைச் சிவப்பு மை ஒரு கோட்டில் வெட்டியிருந்தது. வெட்டிய பிறகு வாக்கியம் சுத்தம். பக்கத்தில் ஒரு பெரிய சரி. அதற்கும் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.

சிவப்பு மை யாருடையது என்று நான் சொல்லத் தேவையில்லை.

"இத வாசிச்சுக் காட்டினாள் மம்மா, ஸ்டார் கிடைச்சிரிக்கு எண்டு. சந்தோசத்தில துள்ளித் துள்ளி வாசிச்சாள். நீங்க நினைக்கிறதப் பத்தி எனக்குக் கவலையில்ல. என்ட புள்ளயும் அத மனப்பாடம் பண்ணி வளரப் போகுது எண்டுதான் அவளக் கூட்டிக்கொண்டு இஞ்ச வந்த நான்."

"நான் சும்மா போர்ட்ல இருந்த மாதிரி எழுதின நான் டடி" என்று றொஷெல் அழத் தொடங்கினாள். எத்தனை தரம் இதைச் சொல்லி அழுதிருப்பாளோ தெரியாது. வெய்ன் அவளைத் தன்னோடு அணைத்துக்கொண்டான். "உனக்கு ஒண்டும் சொல்லல்லடி" என்றான்.

டல்சி கொப்பியைப் பார்த்தபடி நின்றாள். கூடுதலாக இருந்த ஒரு சொல் அவள் கண்ணில் பட்டிருக்கிறது. மிச்சம் எதுவும் படவில்லை. 

"கிழிச்சிரிக்கலாமேடா" என்றாள்.

"அண்ணனும் அப்படித்தான் சொன்னவன்."

"மார்க்கா? மார்க் இதக் கண்டானா?"

"அவன் மாசத்துக்கு ஒருக்கா இஞ்ச வாறவன் மம்மா. வாழைச்சேனைக்கு வங்கி அலுவல் எண்டு உங்களுக்குச் சொல்லிப்போட்டு வாறவன். நான் மீன் பொரிச்சுக் குடுப்பன். கூழாவும் சூரையும் எண்டா விரும்பித் தின்பான். ரெண்டு பேரும் கடக்கரையில இருந்து கதைப்பம்."

டல்சி இப்போதுதான் கதிரையில் இருந்தாள். 

"அவனுக்கு ரெண்டு மாசமா நெஞ்சு நோ இருந்தது" என்றான் வெய்ன்.

 றொஷெல் அழுகையை நிறுத்திவிட்டுத் தகப்பனைப் பார்த்தாள். அவளுக்கும் அது புதுச் செய்தி.

"எனக்கிட்ட மட்டும் சொன்னவன். ஆஸ்பத்திரிக்கு வா, நான் கூட்டிப் போறன் எண்டன். பொறு பொறு எண்டான். மம்மாக்குச் சொல்லாத எண்டான். 'மம்மாட வசனத்தில எனக்கு ஒருநாளும் நோய் வருத்தம் வந்ததில்லடா' எண்டு சிரிச்சான். உங்களுக்கு விளங்குதா மம்மா? அவனுக்கு ஒண்டிலயும் தோக்க ஏலாமப் போச்சு. எனக்காவது ஓடிப்போக ஒரு இடம் இருந்தது."

 வெய்ன் பிரித்துப் போட்ட எஞ்சினுக்குப் பக்கத்தில் குந்தி, எண்ணெய்க் கையால் முகத்தை மூடிக்கொண்டான்.

"நான் சொல்லியிருக்கோணும். ஒரு போன் எடுத்துச் சொல்லியிருந்தா அவன் இருந்திருப்பான். அண்டைக்குச் சேமக்காலை வாசல் வரைக்கும் வந்தும் உள்ளுக்கு வர எனக்குக் கால் ஏவல்ல. அவன்ட சிலுவையத் தூக்கிறதுக்கு நானா? நான் ஏலாது மம்மா. எனக்கு அந்த யோக்கியம் இல்ல."

கோபத்தில்தான் வராமல் இருக்கிறான் என்று நானும் நீங்களும் பதின்மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

டல்சி கதிரையை விட்டு இறங்கி, சேலை எண்ணெயில் படப்பட, மகனுக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். அவன் கைகளை முகத்தில் இருந்து பிரித்தாள்.

"நீ மறைச்சது பிழைதான். அத நான் இல்லை எண்டு சொல்லமாட்டன். ஆனா அவன் உன்னை மறைக்கச் சொன்னது எனக்குப் பயந்து. நோகுது எண்டு பெத்த தாய்க்கிட்டச் சொல்லப் பயந்தவன் செத்துப்போனான். அந்தப் பயத்தப் படிப்பிச்சது நான். முப்பத்தஞ்சு வருசம், சரி போட்டுப் போட்டுப் படிப்பிச்ச நான்."

 அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

கனநேரம் கழித்து றொஷெல் பிளேன்ரீ கொண்டுவந்து தந்தாள். டல்சி குடித்தாள். ஓட்டோ வந்தது. ஏறும்போது அந்தப் பழைய கொப்பியை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். வெய்ன் தலையாட்டினான்.

ஓட்டோ கிளம்புகிற நேரத்தில் பக்கத்தில் வந்து நின்றான்.

"சிலுவை என்ன மரம்?"

"முதிரை."

"பப்பாக்கு விசரா? அது சரியான பாரம்."

அவ்வளவுதான். திரும்பி எஞ்சினுக்குப் போய்விட்டான்.

*

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வாவியில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. முதல் வேலையாகப் பிரஷாந்திக்கு போன் எடுத்தாள்.

"புள்ள, பாடம் அப்படியே இரிக்கட்டும். பேர் ரெண்டையும் எடுத்திரு."

"வேற யார்ட பேரப் போடுறது டீச்சர்?"

"ஒருத்தர்ட பேரும் வேண்டாம். கதிரை, மேசை எண்டு போடு. மேசை கதிரைய விடப் பெரிசு எண்டு போடு. கதிரைக்கு நோகாது."

 "ஓம் டீச்சர்" என்றாள் பிரஷாந்தி.

பட்டறையில் பிரடெரிக் சிலுவையை இரண்டு மர வாங்குகளில் படுக்க வைத்து உப்புக் கடதாசியால் தேய்த்துக்கொண்டிருந்தார். மரத்தூள் அவர் புருவத்தில் ஒட்டியிருந்தது. டல்சி மற்ற வாங்கின் நுனியில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொன்னாள். கொப்பியைக் காட்டினாள். நெஞ்சு நோவைச் சொன்ன இடத்தில் அவர் கை நின்றது. நல்ல கையையும் தளர்ந்த கையையும் சிலுவையின்மேல் வைத்துக்கொண்டு அப்படியே குனிந்திருந்தார். அவர் அழுத சத்தம் கேட்கவில்லை. மரத்தில் இரண்டு மூன்று இடம் நனைந்தது.

"வருவானா?" என்று பிறகு கேட்டார்.

"தெரியாது. வாறன் எண்டும் சொல்லல்ல, வரமாட்டன் எண்டும் இல்ல. முதிரை பாரம் எண்டு சொன்னான்."

 பிரடெரிக் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். அடிமட்டத்தை எடுத்தார். கிழவரின் முகத்தில் தச்சனின் முகம் திரும்பி வந்தது.

"பாரம்தான். அதாலதான் உயரம் பாக்கோணும். தூக்கிற ரெண்டு பேரும் ஒரே உயரம் இல்லாட்டி பாரம் முழுக்கக் கட்டையானவன்ட தோளுக்குத்தான் இறங்கும். அவன் கட்டையெண்டா நான் அவன்ட பக்கத்துக்கு ஒரு துண்டு சேத்துச் சமப்படுத்திருவன். எனக்கு எட்டு வருசத்தில மறந்துபோச்சு, நீ பாத்திட்டுத்தானே வாறாய்? சொல்லு டல்சி, வெய்ன் என்ன உயரம்?"

மத்தியானம் முழுக்க அவன் முன்னால் நின்றுவிட்டு வந்தவள். அவன் கைகளைப் பிடித்துவிட்டு வந்தவள். தன் தலை அவன் தோளுக்கு வந்ததா, நெற்றிக்கு வந்ததா, அவன் அந்தத் தகரக் கொட்டிலின் வாசலில் குனிந்து வந்தானா, நிமிர்ந்து வந்தானா என்று நினைத்து நினைத்துப் பார்த்தாள். ஒன்றும் நினைவில் இல்லை. பெற்ற பிள்ளையின் உயரம் அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு வாக்கியம்.

"மார்க்கை விட…" என்று தொடங்கினாள்.

அதற்குமேல் சொல்லவில்லை. பிரடெரிக் பென்சிலும் கையுமாகக் காத்துக்கொண்டு நின்றார். சனிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.